இரண்டாவது குடையை மடிக்கும் கை

விளையாட்டாக வானிலிருந்து குதிப்போர் இரண்டு பாரசூட்டுகளை அணிந்து செல்கின்றனர். ஒன்று முதன்மைப் பாரசூட். அது விரியாவிடில் உயிர்காக்க இருப்பது சேமப் பாரசூட். முதன்மைப் பாரசூட்டைக் குதிப்பவரே மடித்துக்கொள்ளலாம். சேமப் பாரசூட்டையோ ரிக்கர் எனப்படும் உரிமம் பெற்ற தொழிலரே சோதித்து மடித்தல் வேண்டும் என்பது அமெரிக்க நாட்டு விதி. தம் உயிரின்மேல் தம்மினும் அக்கறை உடையவர் வேறு யார்? அங்ஙனமிருக்க, அவ்வுரிமையை விதி ஏன் மறுக்கிறது? வரலாற்றைச் சற்றுப் புரட்டினால் விடை கிடைக்கும்.

1797ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், பாரிஸ் நகரின் மான்சோ பூங்காவிலிருந்து ஆந்திரே ழாக் கார்னெரின் பலூனில் எழும்பினார். ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு பட்டுக் குடையுடன் இறங்கினார். அக்குடை பலூனின் அடியில், மூடிய குடையைப் போலவே தொங்கியது. அதன் நிலையை எவரும் கண்ணாற் காண முடிந்தது.

பின்னர்ப் பாரசூட் பைக்குள் புகுந்தது, மடிப்பு மறைபொருளாயிற்று. ஜெர்மனியில் பலூன் சாகசம் புரிந்த கேத்தே பௌலஸ் அம்மையார் தையற்கலை வல்லவர். தம் பாரசூட்டைத் தாமே தைத்துக் குதித்தவர். முதல் உலகப் போரில் ஏறத்தாழ 7,000 பாரசூட்டுகளைப் படையினருக்காகச் செய்தளித்தார். தாம் கண்டறியாத வீரரின் உயிர் தம் கைத்திறனைச் சார்ந்து நிற்கும் நிலை அப்போது தோன்றியது.

1919 ஏப்ரல் 28இல் லெஸ்லி இர்வின் விமானத்திலிருந்து குதித்து, காற்றில் விழுந்துகொண்டே தம் கையால் இழுகயிற்றை இழுத்துப் பாரசூட்டை விரித்தார். 1922 அக்டோபர் 20இல் லெப்டினன்ட் ஹரால்ட் ஹாரிஸ், வானிற் சிதைந்த விமானத்தினின்று அத்தகைய பாரசூட்டால் உயிர் தப்பினார். மடிப்பவரின் பொறுப்பு இதனால் பன்மடங்கு பெருகிற்று. அமெரிக்கக் கடற்படையின் லேக்ஹர்ஸ்ட் பள்ளியில் மடிக்கக் கற்ற மாணவர், தாம் மடித்த பாரசூட்டுடன் தாமே குதித்துக் காட்ட வேண்டியிருந்தது.

ஆகவே, தம் கையை நம்புதல் தவறன்று. கை முதலிற் பழக வேண்டும் என்பதே கருத்து. முதன்மைப் பாரசூட்டை மடிப்பதில் பிழை நேர்ந்தால், அடுத்த குதிப்பில் அது வெளிப்படும். அப்பிழையைப் பொறுக்கச் சேமப் பாரசூட் பின்னால் நிற்கிறது. சேமப் பாரசூட்டின் பின்னால் நிற்பது யாது? ஒன்றுமில்லை. அதை ஒருமுறையேனும் விரிக்க நேராமலே பலர் ஆயுளைக் கழிக்கின்றனர். எனவே பட்டறிவால் அக்கலையை அவர் கற்க வழியில்லை. உரிமம் நாடுவோர் தேர்ந்தவரின் மேற்பார்வையில் அவ்வகைப் பாரசூட்டுகளுள் 20ஐயேனும் மடித்திருக்க வேண்டும் என விதி கேட்பதன் பொருள் இதுவே.

ரிக்கர் துணியையும் தையலையும் கயிறுகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். மடித்து மூடியபின், உள்ளே எதுவும் தங்கிவிடாதபடி தம் கருவிகளை எண்ணிச் சரிபார்க்கிறார். நூலிட்டு முத்திரை வைக்கிறார். நாள் குறித்து அட்டையில் கையொப்பமிடுகிறார். நைலான் போன்ற செயற்கை இழையாயின், அக்கையொப்பத்தின் ஆயுள் 180 நாள். அதன்பின், ஒருமுறையும் விரியாததாயினும், முழுதும் பிரித்து மீண்டும் மடித்தாக வேண்டும்.

கூலியை மிச்சம் பிடிக்கவோ, ஆர்வத்தினாலோ அம்முத்திரையை நாமே உடைக்க எண்ணலாம். நம் அக்கறையில் குறை இராது. ஆயினும் கல்லாத கையின் பிழையை அக்கறை மட்டும் கண்டுகொள்வதில்லை. அதனைக் காட்டித்தர மூன்றாவது குடையும் இல்லை.