சாவியைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை

அமெரிக்காவில் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர் வேலையை விட முடிவெடுத்தால், முதலில் யோசிப்பது லாரி எங்கே நிற்கிறது என்பதைத்தான். வீட்டிலிருந்து ஆயிரம் மைல் தள்ளி, கம்பெனி வண்டியோடு இருப்பார். கோபத்தில் சாவியை வண்டியிலேயே போட்டுவிட்டு பஸ் ஏறினால், 'வண்டியைக் கைவிட்டவர்' என்ற குறிப்பு அவருடைய பணிப் பதிவில் ஏறிவிடும். அடுத்து வேலை கேட்டுப் போகிற கம்பெனியும் அதைப் பார்க்கும். வண்டியை மீட்ட செலவும் அவர் தலையில் விழலாம். அதனால் அனுபவம் உள்ளவர்கள் சொல்வது இதுதான்: சரக்கை இறக்கு, வண்டியைக் கம்பெனி யார்டில் நிறுத்து, உள்ளும் புறமும் படம் எடு, ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கு, பிறகு கிளம்பு.

வேலையை விடுவதற்கு இவ்வளவு எச்சரிக்கை ஏன்? தோழர்களே, இதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. அது நம் வரலாறும்தான். ஒரு தொழிலாளி சுதந்திரமானவரா என்பது அவர் வேலையில் சேரும் நாளில் தெரியாது. வெளியேற நினைக்கும் நாளில்தான் தெரியும்.

லாரிக்கு முன்னால் வயலைப் பார்ப்போம். 1907 டிசம்பரில் அலபாமா மாகாணத்தில் அலோன்சோ பெய்லி என்ற கறுப்பினத் தொழிலாளி ஓராண்டு பண்ணை வேலைக்கு ஒப்பந்தம் போட்டார். மாதச் சம்பளம் 12 டாலர். முன்பணம் 15 டாலர். அந்தக் கடனுக்காக மாதம் ஒன்றே கால் டாலர் பிடித்தம். ஒரு மாதமும் சில நாட்களும் உழைத்துவிட்டு அவர் வேலையை விட்டார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் வேலையை விட்டாலே, ஏமாற்றும் எண்ணத்தோடு பணம் வாங்கியதாகக் கொள்ளலாம் என்றது அந்த மாகாணச் சட்டம். 'என் மனதில் அப்படி எண்ணம் இல்லை' என்று அவர் சாட்சி சொல்லவும் இடம் இல்லை. 30 டாலர் அபராதம், கூடவே வழக்குச் செலவு. கட்ட முடியாததால் 136 நாள் கடின உழைப்பு.

அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1865இல். பெய்லிக்குத் தண்டனை கிடைத்தது அதற்கு 40 ஆண்டுகளுக்கும் பிறகு. சங்கிலியின் இடத்தில் ஒப்பந்தம் வந்திருந்தது. புக்கர் டி. வாஷிங்டன் வெளியே தெரியாமல் உதவி செய்ய, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1911 ஜனவரியில் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. வேலையை விட்டதைக் குற்றமாக்கி ஒருவரைக் கட்டாயமாக உழைக்க வைப்பது அடிமைமுறைதான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதே வேலையை இங்கே செய்தது 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டால், முதலாளி மாஜிஸ்டிரேட்டிடம் புகார் கொடுக்கலாம். பணத்தைக் கட்டு, இல்லையென்றால் வேலைக்குத் திரும்பு என்று உத்தரவு வரும். மீறினால் 3 மாதம் வரை கடுங்காவல். தேயிலை, காப்பித் தோட்டங்களில் இந்தச் சட்டம் முதலாளிகளுக்குக் கை கொடுத்தது. அந்தத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களில் பெரும்பகுதியினர் நம் மக்கள். 1925இல்தான் இதை நீக்கச் சட்டம் வந்தது.

இலங்கைத் தோட்டங்களில் இதற்குத் 'துண்டு' என்று ஒரு காகிதம் இருந்தது. தொழிலாளியின் கடன் அதில் எழுதியிருக்கும். அந்தக் கடனை அடுத்த தோட்டம் அடைத்தால்தான் ஆள் மாற முடியும். ஆள் மாறுவார், கடனும் கூடவே மாறும். 1921இல் துண்டுமுறை சட்டப்படி ஒழிந்தது.

இனி லாரிக்கு வருவோம். 1980இல் அதிபர் கார்ட்டர் காலத்தில் அமெரிக்க லாரிப் போக்குவரத்தின் மீதான அரசுக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. கம்பெனிகளுக்குள் விலைப்போட்டி முற்றியது. தொழிற்சங்கம் பலவீனமானது, ஓட்டுநர் கூலி சரிந்தது. 'நீயே முதலாளி' என்ற ஆசை வார்த்தையோடு குத்தகை லாரி பரவியது. வண்டி கம்பெனியுடையது, அல்லது அதன் கூட்டாளி நிறுவனத்துடையது. வாரத் தவணை, டீசல், காப்பீடு, பழுது எல்லாம் ஓட்டுநரின் வருமானத்திலிருந்து பிடித்தம். பாதியில் விட்டால் வண்டி கம்பெனிக்கே திரும்பும். கட்டிய தவணையும் போய்விடும். அதே வண்டியை அடுத்த ஓட்டுநரிடம் கொடுத்து மீண்டும் தவணை வாங்கலாம்.

2008 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்கள் டீசல் புகையைக் குறைக்கப் பழைய லாரிகளைத் தடை செய்யத் தொடங்கின. நல்ல நோக்கம்தான். புதிய லாரியின் விலையோ 1 லட்சம் டாலரைத் தொட்டது. கம்பெனிகள் லாரிகளை வாங்கி ஓட்டுநர்கள் மேல் குத்தகையாக ஏற்றின. ஓட்டுநர்களில் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர்கள். சுத்தமான காற்றுக்கான விலையை அவர்கள் சுமந்தார்கள்.

'நியூ பிரைம் எதிர் ஒலிவேரா' வழக்கும் இப்படிப்பட்டதுதான். குத்தகை லாரி ஓட்டிய ஓட்டுநர், பிடித்தங்களுக்குப் பிறகு குறைந்தபட்சக் கூலிகூட மிஞ்சவில்லை என்றார். சில வாரங்களில் கணக்கு கழித்தலில் முடிந்தது என்றார். அவர் அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, பின்னர் அதே கம்பெனியில் சம்பள ஓட்டுநராகச் சேர்ந்தார். வேலை அதேதான், பெயர்தான் வேறு. நீதிமன்றம் போகக் கூடாது, தனியார் நடுவரிடம்தான் போக வேண்டும் என்றது கம்பெனி. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் 8 நீதிபதிகளும் ஒருமனதாக அதை மறுத்தார்கள். 'சுயதொழில் ஒப்பந்தக்காரர்' என்று பெயர் வைத்தாலும், போக்குவரத்துத் தொழிலாளிக்குச் சட்டம் தந்த விலக்கு பொருந்தும் என்றார்கள்.

நம் கையில் இதைவிடக் கூர்மையான கருவிகள் இருக்கின்றன. அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று 1982இல் ஆசியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவைக் கட்டாயம் படியுங்கள். இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர். பெய்லியை ஏமாற்றுக்காரர் என்று முன்கூட்டியே முடிவு கட்டிய அலபாமா சட்டத்தை இது தலைகீழாகத் திருப்பிப் போடுகிறது.

சட்டம் இருந்தும் செங்கல் சூளையில் முன்பணம் இன்னும் ஆளைக் கட்டிப்போடுகிறது. மேற்கு மாவட்ட நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டத்தில், மூன்றாண்டு முடித்தால்தான் மொத்தத் தொகை என்றார்கள். இடையில் வீடு திரும்பிய நம் பெண்பிள்ளைகள் பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். தவணை முடியும் முன் லாரியை ஒப்படைத்த ஓட்டுநரின் கதையும் அதுதானே?

ஆகவே கள ஆய்வுக்குப் போகும் மாணவத் தோழர்கள் 'கூலி எவ்வளவு' என்பதோடு நின்றுவிட வேண்டாம். 'நாளைக்கே வேலையை விட்டால் என்ன ஆகும்' என்று கேளுங்கள். எவ்வளவு கட்டச் சொல்வார்கள், எந்தக் காகிதத்தைப் பிடித்து வைப்பார்கள், யார் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள் என்று கேளுங்கள். வரும் பதிலைத் தேதியோடும் தொகையோடும் எழுதி வையுங்கள். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும் மனு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.