ஒலிநாடாவில் தங்கிய எண்பதுகள்

1980இல் வெளிவந்த ‘மூடுபனி’ இளையராஜாவின் 100ஆவது படம்; 1987இல் வந்த ‘நாயகன்’ 400ஆவது. ஏழே ஆண்டுகளில் முந்நூறு படங்கள்! அவற்றுள் பலவற்றின் கதை இன்று எவர்க்கும் நினைவில்லை, பாடல்களோ வாழ்கின்றன. பழமையேக்கம் மட்டுமே இதற்குக் காரணமன்று.

வானொலி தந்ததைக் கேட்ட நிலை மாறி, கேசட் கடையில் பட்டியல் கொடுத்து, விரும்பிய பாடல்களை 60 அல்லது 90 நிமிட ஒலிநாடாவில் பதிந்து வாங்கும் வழக்கம் அப்போதுதான் பரவிற்று. படம் தோற்றாலும் பாட்டு பிழைத்தது. மயிலாப்பூர் சபாக்களுக்கு வெகுதொலைவிலுள்ள மணலி புதுநகர் போன்ற ஆலைப்புறக் குடியிருப்புகளுக்கும், எளிய மெட்டில் கரைந்திருந்த கர்நாடக இராகங்களையும் மேற்கத்திய இசைக்கோப்பையும் அந்நாடாக்கள் கொண்டுசேர்த்தன.

பாடகரின் குரலுக்கு அடியில் பேஸ் கிடார் தனியொரு மெட்டாகச் செல்வதைக் கவனியுங்கள். நூறாவது முறை கேட்கையிலும் புதிதாக ஒன்று மிஞ்சும். எண்பதுகளைக் காணாத தலைமுறையும் அவற்றைத் தேடிக் கேட்பது அதனால்தான்.