மூடிய காற்றின் வரலாறு

கண்ணாடி ஜன்னலின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் அதை வெளிச்சத்தின் வரலாறாகவே எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1696இல் ஜன்னல்களை எண்ணி வரி விதித்தார்கள். வரிக்கு அஞ்சிய வீட்டுக்காரர்கள் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். 1845இல் கண்ணாடி மீதான தீர்வை நீங்கியது, 1851இல் ஜன்னல் வரியும் நீங்கியது, அதே ஆண்டில் லண்டன் ஹைட் பூங்காவில் பளிங்கு மாளிகை எழுந்தது. இவையெல்லாம் நாம் பலமுறை படித்த செய்திகள். ஆனால் குளிர்நாடுகளில் ஜன்னலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது வெப்பத்தின் வரலாறு. வெளிச்சத்தை உள்ளே விடும் அதே கண்ணாடி, விறகும் நிலக்கரியும் எரித்துச் சேர்த்த வெப்பத்தை வெளியே விட்டுவிடுகிறது. இதற்கு மனிதர் கண்ட விடை எளிமையானது: ஒரு கண்ணாடிக்குப் பதில் இரண்டு, நடுவே அசையாத காற்று.

இன்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் பரவலாக இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள், நம்மவர் உட்பட, ஒரு தொல்லையை நன்கறிவார்கள். சில ஆண்டுகள் கழிந்ததும் இரு கண்ணாடிகளுக்கும் இடையில் மூடுபனி படர்கிறது. உள்ளிருந்து துடைத்தாலும் வெளியிலிருந்து துடைத்தாலும் போகாத மங்கல் அது. உடனே, ஜன்னல் முழுவதையும் சட்டத்தோடு மாற்ற வேண்டும் என்ற ஆலோசனை வந்து சேர்கிறது. பெரும்பாலான நேரங்களில் அது தேவையற்ற செலவு. இவ்வாலோசனை ஏன் இவ்வளவு இயல்பாக ஒலிக்கிறது என்பதற்கான விடை, இந்த ஜன்னல் கடந்துவந்த பாதையில் இருக்கிறது. குடும்பமே ஆண்டுதோறும் பிரித்துப் பராமரித்த ஒரு பொருள், எவரும் திறக்க முடியாத மூடிய பொருளாக மாறிய கதை அது.

ரஷ்ய நாவல்களை முன்னேற்றப் பதிப்பக வெளியீடுகளாகத் தமிழில் வாசித்தவர்களுக்கு, குளிர்கால வீடுகளின் இரட்டைச் சட்ட ஜன்னல்கள் அறிமுகமாகியிருக்கும். இலையுதிர் காலத்தின் முடிவில் ஜன்னலுக்கு இரண்டாவது சட்டம் ஒன்றைப் பொருத்துவார்கள். இடுக்குகளில் பஞ்சை அடைத்து, மேலே காகிதப் பட்டைகளை ஒட்டுவார்கள். காற்றோட்டத்துக்கு ஃபோர்த்தொச்கா எனும் சிறு திறப்பு மட்டும் எஞ்சும். வசந்தம் வந்ததும் காகிதத்தைக் கிழித்துச் சட்டத்தைக் கழற்றுவார்கள். ரஷ்ய வாசகர் நன்கறிந்த, அப்பொலோன் மாய்கொவ் 1854இல் எழுதிய கவிதை அந்தச் சட்டம் கழற்றப்படும் நொடியில்தான் தொடங்குகிறது. அதுவரை அடைபட்டிருந்த தெருவின் ஓசைகள் அறைக்குள் நுழைகின்றன. அங்கே வசந்தத்தின் வருகையை முதலில் அறிவித்தது ஜன்னலே எனலாம்.

இந்தக் குளிர்கால ஜன்னலில் நம் கவனத்துக்குரிய ஒரு சிறு பொருள் உண்டு. இரு சட்டங்களுக்கும் நடுவே, பஞ்சின் மேல், உப்பு நிரப்பிய சிறு கிண்ணம் ஒன்றை வைப்பார்கள். சில வீடுகளில் கந்தக அமிலம் ஊற்றிய சிறு கோப்பையும் வைத்தார்கள். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, கண்ணாடியில் பனி படியாமல் காப்பது அதன் வேலை. இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஈரம் நுழைந்தே தீரும் என்பதை அந்த வீட்டுப் பெண்கள் அறிந்திருந்தார்கள். ஆகவே ஈரத்தை வாங்கிக்கொள்ள ஒரு பொருளை வைத்தார்கள். அடுத்த ஆண்டு அதை மாற்றினார்கள்.

வியன்னாவிலும் பெர்லினிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய பெட்டி ஜன்னல்கள் இதன் நிலையான வடிவம். ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளியில் இரண்டு தனித்தனி ஜன்னல்கள், ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கீல்களும் கைப்பிடியும். இவற்றில் ஒரு நுட்பம் இருந்தது. உள்பக்கக் கதவு இறுக்கமாகவும் வெளிப்பக்கக் கதவு சற்றே தளர்வாகவும் அமைய வேண்டும். அறையின் ஈரக்காற்று நடுவெளிக்குள் வருவதை உள்கதவு தடுக்கும். மீறி வந்த ஈரம் வெளிக்கதவின் இடுக்குகள் வழியே வெளியேறும். கதவு உளுத்தால் தச்சர் அதை மட்டும் சரிசெய்வார். கண்ணாடி உடைந்தால் மக்கைச் சுரண்டி வேறு கண்ணாடி வைப்பார். இத்தகைய ஜன்னல்கள் அந்நகரங்களின் பழைய கட்டடங்களில் இன்றும் திறந்து மூடப்படுகின்றன.

இரண்டு கண்ணாடிகளையும் விளிம்பில் ஒட்டி ஒரே பலகையாக்கும் எண்ணம் அமெரிக்காவில் பிறந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஸ்டெட்சன் 1865 ஆகஸ்டு 1 அன்று இதற்குக் காப்புரிமை பெற்றார். கருத்து சரியானது, ஆனால் விளிம்பைப் பல்லாண்டு காலம் காற்றுப் புகாமல் மூடிவைக்கும் பசை அன்று இல்லை. 1930களில் சார்லஸ் ஹேவன் உலோக விளிம்பைக் கண்ணாடியுடன் பிணைக்கும் முறையை உருவாக்கினார். லிபி-ஓவன்ஸ்-ஃபோர்டு நிறுவனம் அதை தெர்மோபேன் என்ற பெயரில் விற்றது. அந்த வணிகப் பெயர் கடல் கடந்து ருமேனிய மொழியில் ‘தெர்மோபான்’ என்ற பொதுப்பெயராகவே தங்கிவிட்டது.

பின்னர் மூன்று நிகழ்வுகள் இந்த ஜன்னலை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தன. 1950களில் ஜெர்மனியில் பிவிசி பிளாஸ்டிக்கால் ஜன்னல் சட்டம் செய்யத் தொடங்கினார்கள். 1959இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம், உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டு மட்டமான தகடு எடுக்கும் அலஸ்டேர் பில்கிங்டனின் முறையை அறிவித்தது. அதுவரை உயர்தரத் தட்டைக் கண்ணாடியை இருபுறமும் தேய்த்து மெருகேற்ற வேண்டியிருந்தது. இனி அது தேவையில்லை. மூன்றாவது, 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானதும், சேமிக்க வேண்டிய செல்வமாக வெப்பம் மாறியது.

பிரிட்டனில் இது பெரும் வணிகமாயிற்று. 1980களின் தொடக்கத்தில் எவரெஸ்ட் நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்று புகழ்பெற்றது. நாட்டின் மிக உயரமான மதுவிடுதியாகக் கருதப்படும் டான் ஹில் விடுதியில், 528 மீட்டர் உயரத்தில், வெளியே காற்று சுழன்றடிக்க, டெட் மௌல்ட் என்பவர் ஜன்னலோரம் ஓர் இறகை நழுவவிடுவார். அது நேராகக் கீழே விழும். ஜன்னல் விற்கக் கதவைத் தட்டுபவர், விடாப்பிடியான விற்பனையாளருக்கு ஆங்கிலப் பேச்சில் உவமையானார். மரச் சட்டங்கள் லட்சக்கணக்கில் பெயர்த்தெறியப்பட்டன. தச்சரின் இடத்தில் விற்பனையாளர் வந்தார். பழுதுபார்ப்பவரிடம் கேட்ட கேள்வியை விற்பவரிடம் கேட்டால் என்ன விடை கிடைக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

மூடிய பலகையின் உள்ளமைப்பைப் பார்ப்போம். இரு கண்ணாடிகளையும் பிரித்து நிறுத்துவது விளிம்பைச் சுற்றி ஓடும், உள்ளீடற்ற மெல்லிய பட்டை, பெரும்பாலும் அலுமினியம். அதன் வயிற்றில் சிறு மணிகள் நிரம்பியிருக்கும். மூலக்கூறு சல்லடை எனப்படும் இம்மணிகள், புதிய காலணிப் பெட்டிகளில் நாம் காணும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தின் உறவினர். ரஷ்ய வீட்டு உப்புக் கிண்ணத்தின் வாரிசு. பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே பியூட்டைல் ரப்பர் ஈரத்தைத் தடுக்கிறது. அதற்கு வெளியே பாலிசல்ஃபைடு அல்லது சிலிக்கோன் பசை முழுப் பலகையையும் இறுகப் பிடிக்கிறது. ஒற்றைக் கண்ணாடியின் ‘யு’ மதிப்பு, அதாவது வெப்பத்தைக் கசியவிடும் அளவு, 5.7 என்றால், சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு அது 2.8. ஆர்கான் வாயு நிரப்பி, வெப்பத்தைத் திருப்பியனுப்பும் மெல்லிய வெள்ளிப் பூச்சும் தந்தால் 1.1 வரை இறங்கும்.

ஆனால் மூடிய பெட்டி ஓய்வதில்லை. பகலில் வெயில் படும்போது உள்ளிருக்கும் வாயு விரிந்து கண்ணாடிகளை வெளியே தள்ளுகிறது. இரவுக் குளிரில் சுருங்கி உள்ளே இழுக்கிறது. பல்லாயிரம் முறை இப்படி மூச்சுவிட்ட பிறகு விளிம்புப் பசை களைக்கிறது. ஈரம் மெல்ல நுழைகிறது. மணிகள் நிறையும் வரை கண்ணாடி தெளிவாகவே இருக்கும். அவை நிறைந்த பின், குளிர்ந்த ஒரு காலையில் முதல் மங்கல் தோன்றும். கிண்ணம் நிரம்பிவிட்டது, ஆனால் இம்முறை அதை மாற்ற வழியில்லை.

எல்லா மங்கலும் பழுதாகாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அறைப்பக்கக் கண்ணாடியில் நீர் கோத்தால், அது சமையலும் குளியலும் ஈரத்துணியும் தந்த ஈரம், காற்றோட்டம் தேவை. வெளிப்பக்கத்தில் விடியற்காலையில் பனி படிந்தால், உள்வெப்பம் வெளியே கசியவில்லை என்றே பொருள். அது ஜன்னலுக்கு நற்சான்று. இரண்டுக்கும் நடுவே மங்கினால் மட்டுமே விளிம்பு தோற்றுவிட்டது என்று கொள்ளலாம்.

விளிம்பு விரைவில் தோற்பதற்கு முக்கியக் காரணம் தேங்கிய நீர். பிளாஸ்டிக் சட்டம் மழைநீர் சிறிது உள்ளே வரும் என்று எதிர்பார்த்தே வடிவமைக்கப்பட்டது. அந்நீர் வெளியேற, சட்டத்தின் அடியில் சிறு துளைகள் உண்டு. தூசியும் பாசியும் பூச்சிகளும் அவற்றை அடைத்தால், கண்ணாடிப் பலகையின் கீழ்விளிம்பு நீரில் ஊறுகிறது. ஆண்டுக்கு இருமுறை மெல்லிய கம்பியால் இத்துளைகளைக் குத்திவிட்டு, ஒரு குவளை நீர் ஊற்றி வடிகிறதா என்று பார்ப்பதே இந்த ஜன்னலுக்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம்.

காற்று சீறினால் முதலில் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையைப் பார்க்க வேண்டும். அது காய்ந்து சுருங்கினால் மூலைகளில் இடைவெளி விழும். அதே குறுக்குவெட்டு வடிவமுள்ள பட்டையை வாங்கி, இழுக்காமல் அழுத்திப் பதித்தால் போதும். கதவு இறுகச் சாத்தாவிட்டால் கீல்களில் தேய்மானம் இருக்கும். பக்கவாட்டு உராய்வுக் கீல்களின் நீளத்தையும் தடிமனையும் அளந்து (தடிமன் பொதுவாக 13 அல்லது 17 மில்லிமீட்டர்) அதே அளவில் மாற்றலாம். பூட்டு இறுகினால் ஆண்டுக்கொரு முறை சிறிது எண்ணெய் விடுவது பெரும்பாலும் தீர்வு தரும். கதவு கைப்பிடிப் பக்கம் தொங்கினால், கண்ணாடியைத் தாங்கும் சிறு பிளாஸ்டிக் கட்டைகள் இடம் நழுவியிருக்கலாம். கீல் பக்கத்தின் கீழ்மூலையிலும், குறுக்கே எதிர்மேல்மூலையிலும் கட்டை வைத்தால், கண்ணாடியே சட்டத்தைத் தூக்கி நிறுத்தும் குறுக்குத்தாங்கியாகிவிடும். தச்சர்கள் கதவுக்குக் குறுக்குச் சட்டம் அடித்த அதே பழைய அறிவு இது.

மங்கிய பலகைக்கு வருவோம். வெளிக்கண்ணாடியில் துளையிட்டு, நடுவெளியை உலர்த்தி, மூச்சுவிடும் அடைப்பான் வைக்கும் முறை ஒன்றுண்டு. பார்வை தெளியும், ஆர்கான் திரும்பாது. கடினமாக்கப்பட்ட கண்ணாடியில் துளையிட முயன்றால் அது நொறுங்கிவிடும். நேரான வழி, சட்டத்தை விட்டுவிட்டுப் பலகையை மட்டும் மாற்றுவது. கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங்குகளில் நீளமானதை முதலில், அதன் நடுவில் மழுங்கிய தகட்டைச் செருகி வளைத்துக் கழற்ற வேண்டும். ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்துக்கொள்வது நல்லது. பழைய பலகையின் அகலம், உயரம், மொத்தத் தடிமன் (24 அல்லது 28 மில்லிமீட்டர் என்பது வழக்கம்) மூன்றையும் அளந்து புதியதைச் செய்யச் சொல்லலாம். மீண்டும் பொருத்தும்போது குட்டையான பீடிங்குகள் முதலில் செல்லும்.

எச்சரிக்கைகளும் உண்டு. 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரு கண்ணாடிகள் கொண்ட பலகை சதுர மீட்டருக்கு 20 கிலோ எடை. இருவர் இல்லாமல் தூக்கக் கூடாது. மாடி ஜன்னலை ஏணியில் நின்று செய்யவே கூடாது. இங்கிலாந்தின் விதிப்படி, தரையிலிருந்து 800 மில்லிமீட்டருக்குக் கீழே வரும் ஜன்னலுக்கும், 1500 மில்லிமீட்டருக்குக் கீழே வரும் கதவுக் கண்ணாடிக்கும் பாதுகாப்புக் கண்ணாடியே போட வேண்டும்.

நூற்றைம்பது ஆண்டுகளில் நாம் பெற்றவை குறைவல்ல. ஒற்றைக் கண்ணாடியின் ஐந்தில் ஒரு பங்கு வெப்பத்தையே கசியவிடும் ஜன்னலைப் பெட்டி ஜன்னல் செய்த தச்சர் கற்பனை செய்திருக்க முடியாது. அதற்கு நாம் தந்த விலை, அந்த ஜன்னலைப் பற்றி வீட்டாருக்கு இருந்த அறிவு. நடுவெளியில் ஈரம் சேரும் என்பது அன்று பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது. இன்று அது வாங்கியவரைத் திடுக்கிடச் செய்யும் செய்தி. எதைத் துடைக்கலாம், எதை முடுக்கலாம், எதை மட்டும் மாற்றலாம் என்று அறிந்தவரிடம் முழு ஜன்னலையும் விற்பது கடினம். உப்புக் கிண்ணம் இன்று அலுமினியப் பட்டைக்குள் ஒளிந்திருக்கிறது. அது அங்கே இருக்கிறது என்று அறிந்திருப்பதே பழுதுபார்ப்பின் தொடக்கம்.