50 ஹெர்ட்ஸ்

மலாக்காவில், ஜாசின் பக்கத்துத் தோட்டக் கோயில் மேடைகளில் பேஸ் கித்தார் வாசிப்பவனுக்குக் கரண்டுதான் முதல் எதிரி. கையை எடுத்தாலும் ஆம்ப் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே இருக்கும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த தந்தியில் மூன்றாம் ஃப்ரெட் 49. ஈக்யூவில் முனகலைக் குறைத்தால் அந்தச் சுரமும் சேர்ந்தே போய்விடும்!

1951இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் ஒற்றைச் சுருள் பிக்கப். காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பி, தந்தியின் அதிர்வோடு சுற்றுப்புற மின்சாரத்தையும் பிடித்துக்கொள்ளும். 1957இல் அதை இரண்டாகப் பிரித்து, சுற்றையும் காந்தத்தையும் எதிரெதிராக வைத்தார்கள். முனகல் தனக்குள்ளேயே அடிபட்டுப்போக, தந்தியின் ஒலி மட்டும் நின்றது. 1960இல் ஜாஸ் பேஸ்: இரண்டு பிக்கப். இரண்டையும் ஒரே அளவில் திறந்தால் அமைதி. ஒன்றைக் குறைத்தால் பழையபடி முனகல்.

என்னுடையது ஜாஸ் வகை. பிக்கப் மாத்தணும்னு சொன்னதும், “நல்லா சவுண்டா இருக்கறதா பாத்துப் போடு தம்பி” என்றார் கீபோர்டு அண்ணன். சுற்று கூடினால் சத்தம் கூடும்தான், ஆனால் ஒலியின் கூர்மை மங்கும். மேடையில் ஜனங்கள் கேட்பதோ இளையராஜா. அவருக்கு சசிதரன் வாசித்த பேஸ் பாட்டுக்கு அடியில் படுத்துக்கிடக்காது, தனி மெட்டாகவே நடக்கும். ஒவ்வொரு அடியும் காதில் விழணும். அதனால் சுற்று குறைந்த, ஒரே கூட்டுக்குள் இரண்டு சுருள் அடக்கிய பிக்கப்பை எடுத்தேன். பழைய குழியிலேயே உட்கார்ந்தது. சால்டரிங் வேலை மட்டும்தான்.