கெர்னல் முறிவும் அதன் சாட்சியும்: யுனிக்ஸ் முதல் லினக்ஸ் வரை

பயன்பாட்டு நிரல் ஒன்று முறிந்தால் அதனைப் பதிவுசெய்ய இயங்குதளத்தின் மையமாகிய கெர்னல் இருக்கிறது. கெர்னலே முறிந்தால் அதற்கு மேலிருந்து காண்பவர் எவருமில்லை. தன் வீழ்ச்சியின் காரணத்தைத் தானே கூறவேண்டிய நிலைக்கு அது தள்ளப்படுகிறது. முறிவறிக்கையின் வரலாற்றைக் கருவிகளின் வளர்ச்சியாக எழுதுவதே வழக்கம். ஆனால், நம்பத்தக்க சாட்சி எது என்னும் வினாவே அவ்வரலாற்றை நகர்த்தியது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

மல்டிக்ஸ் திட்டத்தில் பணியாற்றிய டாம் வான் விலெக், தாம் எழுதிவந்த நிரலில் பாதிக்குமேல் பிழைமீட்புக்கானது என்று டென்னிஸ் ரிட்ச்சியிடம் கூறியதையும், யுனிக்ஸில் அவற்றையெல்லாம் விட்டுவிட்டதாக ரிட்ச்சி விடையளித்ததையும் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். பிழை நேர்ந்தால் 'பேனிக்' என்னும் செயற்கூறு அழைக்கப்படும், இயந்திரம் நிற்கும், மீளத் தொடங்குமாறு நடைக்கூடத்தை நோக்கிக் குரல் கொடுக்கவேண்டும். இதனைச் சோம்பல் எனக் கொள்வது பொருந்தாது. தரவு பழுதுற்ற பின்னும் இயங்கும் கெர்னல் கோப்புகளையும் பழுதாக்கிவிடும். எனினும், குரல் எட்டும் தொலைவில் நிரலரும் இருந்தார் என்பதையும் கருதவேண்டும்.

1991இல் தோன்றிய லினக்ஸுக்கு அந்த அண்மை வாய்க்கவில்லை. முறிவு ஒரு நாட்டிலும் நிரலர் வேறொரு நாட்டிலும் இருந்தனர். இடைநின்றது 'ஊப்ஸ்' எனப்படும் செய்தி: பதிவகங்களின் மதிப்புகளும் செயற்கூறுகள் ஒன்றையொன்று அழைத்த தடமும் அதில் இருக்கும். தொடக்கத்தில் அத்தடம் வெறும் பதினாறடிமான எண்களாகவே அச்சாயிற்று. ஒவ்வொருவரும் தம் கணினியில் தொகுத்த கெர்னலில் முகவரிகள் வேறுபடுமாதலால், அவ்வெண்கள் பிறருக்குப் பொருள் தாரா. பயனரே 'கேசிம்ஊப்ஸ்' என்னும் கருவியால் அவற்றைப் பெயர்களாக மாற்றி அனுப்பவேண்டியிருந்தது. வன்தட்டில் பதிவாகாத செய்தியைத் திரையிலிருந்து தாளில் எழுதிக்கொண்டவர்களும் உண்டு. ஓர் இலக்கம் பிறழ்ந்தால் குற்றமற்ற செயற்கூறு ஐயத்துக்குள்ளாகும். 2003 டிசம்பரில் வெளியான 2.6 வரிசையில் கெர்னலே பெயர்களை அச்சிட்டபோது இவ்விடர் நீங்கிற்று.

ஊப்ஸ் ஒரு சுருக்கமான வாக்குமூலமே. முழு நினைவகத்தையும் ஆராய விரும்பியோர்க்குப் பழைய யுனிக்ஸ் வழி ஒன்றிருந்தது: முறியும் தறுவாயில் நினைவகத்தை வன்தட்டின் மாற்றிடப் பகுதியில் எழுதுவது. அதை எழுதும் இயக்கியோ முறிந்த கெர்னலின் உறுப்பு. அது பழுதுற்றிருந்தால் பதிவு கிடைக்காது, கோப்புகளும் அழியக்கூடும். இவ்வழியைப் பின்பற்றிய எல்கேசிடி திட்டத்தை முதன்மைக் கெர்னலில் சேர்க்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2002இல் இசையவில்லை. முறிவுகளை ஆராய்ந்தவர்களுக்கு அம்மறுப்பு கசப்பாயிருந்திருக்கும்; பின்விளைவை நோக்க அது நன்மையாயிற்று.

2005இல் 2.6.13 பதிப்பில் சேர்ந்த கேடம்ப் அவ்வினாவையே மாற்றியமைத்தது. கணினி தொடங்கும்போதே நினைவகத்தில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டு, அதில் இரண்டாம் கெர்னல் ஒன்று ஏற்றிவைக்கப்படும். முதற்கெர்னல் முறிந்ததும், எரிக் பீடர்மன் உருவாக்கிய கெக்ஸெக் வழியாகக் கட்டுப்பாடு நேரே இரண்டாவதற்குச் செல்லும். வன்பொருள் முழுமையாக மீட்டமைக்கப்படாமையால் பழைய நினைவகம் அழியாது. புதிய கெர்னல் அதனை ஒரு கோப்பைப்போலப் படித்துச் சேமிக்கும். வலைப்பின்னல் அட்டை போன்ற சாதனங்கள் முறிவுக்குப் பின்னும் தமக்குரிய பழைய இடங்களில் எழுதிக்கொண்டிருக்கலாம். ஒதுக்கிய பகுதி எச்சாதனத்துக்கும் தரப்படாததால் அது தீண்டப்படுவதில்லை. இறப்பவரின் கூற்றைக் கேட்பதற்கு மாறாக உடற்கூறாய்வு செய்யும் முறை இது. ஆயினும் நடுவழியில் விடப்பட்ட சாதனங்களை இரண்டாம் கெர்னல் மீண்டும் இயக்குவது எப்போதும் கைகூடுவதில்லை.

சாட்சியின் தகுதியைச் சாட்சியமே குறிப்பதும் உண்டு. மூலநிரல் வெளியிடப்படாத கூறு ஏற்றப்பட்டிருந்தால், 'கறைபட்டது' என்னும் பொருள்தரும் குறி ஊப்ஸ் செய்தியிலேயே இடம்பெறும். அத்தகைய அறிக்கைகளை ஆராயப் பராமரிப்பாளர்கள் பெரும்பாலும் மறுப்பர். இது நுட்பக் காரணமும் கொள்கைக் காரணமும் பிரிக்கவியலாது கலந்த இடம்.

வரைகலைத் திரை இயங்கும் மேசைக்கணினிகளில் பேனிக் செய்தி கண்ணுக்கே படாமல் போவது நெடுங்காலம் தொடர்ந்தது. 2024இல் வெளியான 6.12 பதிப்பு, முறியும் கெர்னலின் இறுதிச் செய்திகளைச் சுருக்கி க்யூஆர் குறியீடாகத் திரையில் வரையும் வசதியைப் பெற்றது. முன்பு தாளில் எழுதப்பட்டதை இப்போது கைப்பேசியின் ஒளிப்படக்கருவி எடுத்துக்கொள்கிறது.