புனமும் ஆட்சியும்: வடக்கு சாம்பியாவின் சித்தெமெனே வேளாண்மை

அங்கோலா முதல் மொசாம்பிக் வரை பரந்துள்ள மியோம்போ காடுகள் தெற்கு ஆப்பிரிக்க ஊர்ப்புற மக்களின் வாழ்வாதாரமாகத் திகழ்கின்றன. விறகு, தேன், காளான், உண்ணத்தகும் புழுவகை, மூலிகை ஆகியவற்றோடு விளைநிலத்தின் வளத்தையும் அவை அளித்து வந்துள்ளன. வடக்கு சாம்பியாவில் பெம்பா மக்கள் மேற்கொண்ட சித்தெமெனே என்னும் புனவேளாண்மை இதற்குச் சிறந்த சான்றாகும். காலனிய ஆட்சியினர் இதனைக் காட்டழிப்பு என்றே கருதினர். அக்கருத்து உருவான சூழலை இக்கட்டுரை ஆராய்கிறது.

‘வெட்டுதல்’ எனப் பொருள்படும் பெம்பா வினையடியினின்று சித்தெமெனே என்னும் சொல் பிறந்தது. ஆடவர் மரங்களின்மீதேறிக் கிளைகளைத் தறிப்பர். அடிமரம் நின்று மீண்டும் தளிர்க்கும். உலர்ந்த கிளைகளைப் பெண்டிர் சுமந்து சென்று நடுவிடத்தில் குவிப்பர். மழைக்கு முன்னர் அவை எரிக்கப்படும். அமிலத்தன்மை மிக்க மண்ணுக்குச் சாம்பலே உரம். தீயின் வெம்மை களையையும் ஒழிக்கும். முதலாண்டில் கேழ்வரகும் மறு ஆண்டில் நிலக்கடலையும் விளையும். சில ஆண்டுகளில் நிலம் கைவிடப்பட, காடு மீளும். கிளை தறிக்கப்படும் பரப்பு விதைக்கும் பரப்பினும் பன்மடங்கு பெரிதாதலின், மக்கள் செறிவு குறைந்த இடத்திலேயே இம்முறை நிலைபெறும்.

1924 வரை இந்நிலப்பகுதியை ஆண்ட பிரித்தானிய தென்னாப்பிரிக்கக் கம்பெனி 1906இல் சித்தெமெனேயைத் தடை செய்தது. மரங்களைக் காப்பது மட்டுமே இதன் நோக்கமன்று. புனங்களின் அருகே குடிசையிட்டுச் சிதறி வாழ்ந்த மக்களிடம் வரி தண்டுவதும் கூலியாள் திரட்டுவதும் அரிதாக இருந்தன. தடையால் உணவு குன்றி அதிருப்தி பெருகவே, 1909இல் அது தளர்த்தப்பட்டது.

பின்னர்ச் செம்புச் சுரங்கங்கள் ஆடவரைப் பெருமளவில் ஈர்த்தன. கிளை தறிக்க ஆளின்றிப் பெம்பா ஊர்களில் பசி மிகுந்ததை ஆட்ரி ரிச்சர்ட்ஸ் 1939இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஹென்ரியெட்டா மூர், மேகன் வான் ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வு இம்முடிபை மறுபரிசீலனை செய்தது. மரவள்ளியைப் பயிரிட்டும், உறவினர் உழைப்பைத் துணைக்கொண்டும் பெண்டிர் நெருக்கடியை எதிர்கொண்ட பாங்கை அவ்வாய்வு புலப்படுத்தியது. சித்தெமெனே விரைவில் மறையும் என அதிகாரிகள் பன்முறை கணித்தும் அது மறையவில்லை.

1964இல் விடுதலை பெற்ற சாம்பிய அரசும் நிலையான வேளாண்மையையே விரும்பியது. மானிய உரத்தோடு வீரிய மக்காச்சோளத்தைப் பரப்பியது. 1990களில் மானியம் சுருங்கியபோது, உரம் வாங்க இயலாத உழவர்க்குச் சாம்பல் மீண்டும் துணையாயிற்று. 2015ஆம் ஆண்டின் வனச் சட்டமே ஊர்ச் சமூகங்கள் காட்டை மேலாளுவதற்குத் தெளிவான இடமளித்தது.

மேற்கண்டவற்றால் ஒன்று தெளிவாகிறது. சித்தெமெனேக்கு எல்லையுண்டு; மக்கள் பெருகித் தரிசுக்காலம் குறுகின் காடு மெலியும். ஆயினும் ஆட்சியினர் வெட்டிய கிளையை எண்ணினரேயன்றி, தளிர்த்த மரத்தையும் அதனால் நிறைந்த குதிரையும் எண்ணவில்லை. உணவுக்கு மாற்றுவழி காட்டாத காட்டுப் பாதுகாப்பு நிலைபெறாது என்பதற்கு 1906ஆம் ஆண்டுத் தடையின் தோல்வியே சான்றாகும்.