பிரெஞ்சு உடை ஓவியங்களும் கேரித் தீவின் உடை வரலாறும்

உடை ஓவியங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுமுன், அவை யாருக்காக, எந்நோக்கில் வரையப்பட்டன என்பதை ஆராய்தல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பிரெஞ்சு ஓவியங்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

உடை வடிவமைப்பாளர் போல் புவாரே, 1908இல் போல் இரீப்பையும் 1911இல் ஜார்ஜ் லெப்பாப்பையும் கொண்டு தம் உடைகளை ஓவியத் தொகுப்புகளாக வெளியிட்டார். இலண்டன் அருங்காட்சியகத்திலிருந்த இந்தியத் தலைப்பாகைகளைப் படியெடுக்கச் செய்தவரும் இவரே. ழான் லான்வின் 1908இல் குழந்தைகள் உடைப்பிரிவைத் தொடங்கினார். லூசியன் வோகல் 1912இல் தொடங்கிய ‘கசெட் து பொன் தோன்’ இதழ், முதல் உலகப்போரால் இடையில் நின்று, 1925வரை வெளிவந்தது. வண்ணத்திற்கு ஒன்றாக வெட்டிய தகடுகளின் வழியே இதன் ஓவியங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டப்பட்டது.

இவ்விதழில் தைத்த உடைகளோடு ஓவியர்களின் கற்பனை உடைகளும் இடம்பெற்றன. எனவே, இவை பெண்கள் உடுத்தியவற்றைவிடச் செல்வர்கள் விரும்பியவற்றையே மிகுதியும் புலப்படுத்துகின்றன எனலாம்.

அதே காலகட்டத்தில் கேரித் தீவில் இரப்பர்த் தோட்டங்கள் உருவாயின. அத்தகைய தோட்டங்களில் உழைத்த தமிழ்ப் பெண்களும் அவர்தம் குழந்தைகளும் உடுத்தியவற்றுக்கு இத்தகைய வண்ண இதழ்களில் இடமில்லை. பழைய நிழற்படங்கள், பேணப்பட்ட சேலைகள், முதியோரின் வாய்மொழி ஆகியவையே அவர்தம் உடை வரலாற்றுக்குச் சான்றுகள். தோட்டக் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்ட நிலையில், இவற்றைத் தொகுத்தல் காலம் தாழ்த்தாது செய்யவேண்டிய ஆய்வுப்பணியாகும்.